கோயிலடி ஆர்.ஓ. இயந்திரம்: காசு சேர்க்க முன் கிணறுகளைச் சோதிப்போம்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயிலடியில் குடிதண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்க, ரொறன்ரோ அண்ணை ஆளுக்கு 200 டொலர் கேட்டு எழுதியதை வாசித்தேன். ஆவணியில் மூன்று கிழமை ஊரில் நின்றுவிட்டு வந்தவள் என்பதால் எழுதுகிறேன். காசு தர எனக்குச் சம்மதம். ஆனால் அந்த இயந்திரம் எதை வடிகட்டப்போகிறது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே.

சின்னக்காவின் பேரனுக்கு மூன்று மாதம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் மாப்பால் கரைக்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், ஆனால் உரத்திலும் மலகூடக் குழியிலும் இருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்ததே போத்தல் பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளை நினைத்துத்தான். கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் காவாது, பிள்ளை நீலம் பாரிக்கும். போத்தல் தண்ணீர் வாங்கி அடுக்கிவிட்டு வந்தேன், எத்தனை நாளைக்கு?

எங்கள் ஊர்த் தண்ணீர் கற்கண்டு, அதைக் குறை சொல்லாதே என்று ஒஸ்லோ அத்தான் எழுதியிருந்தார். அத்தான், நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற மழைத்தண்ணீர். கல் முழுக்க வெடிப்பும் பொந்தும், மேலே மண் மெல்லிசு. வெங்காயத்துக்குக் கொட்டுகிற யூரியாவும் மலகூடக் குழியும் நேரே கீழே இறங்கும். எங்கள் கிணற்றுக்குப் முப்பது அடி தள்ளிக் குழி வெட்டினவரும் இதை வாசிக்கிறார் என்று தெரியும். அம்மா அன்றைக்கு வேலியடியில் நின்று அழுததை நான் மறக்கவில்லை.

தோட்டக் கிணறுகளில் உப்புத்தான் பயம். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும், மேலே ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்புத் தண்ணீர் அந்த 40 அடியளவுக்கு ஏறும். அண்ணன் துலா மிதிக்க, ஐயா பட்டை பிடிக்க, அம்மா தண்ணீர் மாற, விடியப்புறம் இறைத்து முடித்தால் கிணறு பகல் முழுக்க ஊறும். இப்போது மோட்டரைப் போட்டுவிட்டுச் சந்திக்குப் போய்விடுகிறார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமனுக்குள் நின்றால் பயிருக்குப் பெரிய பயமில்லை, 3000 தாண்டினால் பல பயிர்களின் விளைச்சல் விழும். பீற்றூட் ஓரளவு தாங்கும், வெங்காயம் தாங்காது. அதற்கு ஆர்.ஓ. தண்ணீரா இறைப்பது?

கிருமிதான் பிரச்சினை என்றால் குளோரின் போட்டுக் குழியைத் தள்ளி வெட்டினால் போதும். நைத்திரேற்று என்றால் இயந்திரத்துக்கு முதல் ஆளாக நானே காசு தருகிறேன். எதுவென்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

லண்டன் மாமா கேட்கிற வாசிகசாலைக் காசுக் கணக்கு எனக்கும் வேண்டும், ஆனால் அது வரும்வரைக்கும் கிணற்றுச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இருபது கிணறு, இரண்டு தரம்: மாரி மழைக்குப் பிறகு ஒன்று, கோடை முடிவில் உப்பு ஏறி நிற்கும்போது ஒன்று. கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தருகிற போத்தலிலேயே எடுத்து, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொடுக்க வேண்டும். முதல் பத்துக் கிணற்றுச் செலவு என்னுடையது, பற்றுச்சீட்டை இங்கேயே போடுகிறேன்.

பெரியப்பாவின் தோட்டக் கிணற்றுப் படலைத் திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது?