கோரிக்கை எண் 20: பல்கலைக்கழகத்துக்குப் போகும் பணத்தை எங்கே பார்ப்பது?

பேரவைப் பார்வையாளர்:
2025-26 தமிழக பட்ஜெட்டில் உயர்கல்வித் துறைக்கு 8,494 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அப்படியிருந்தும் சில மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் இழுபறிதான். இந்தத் தொகையில் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு என்று எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும்? அரசுக் கல்லூரிப் பேராசிரியருக்கு ஓய்வூதியம் தவறாமல் வருகிறதே, பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு மட்டும் ஏன் சிக்கல்? பல்கலைக்கழக ஆட்சிப்பேரவைக் (செனட்) கூட்டத்தில் கேள்வி எழுப்ப வேண்டும், எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தலைப்பு2202:
அந்தத் தொகையில் பல்கலைக்கழகங்களின் பங்கு ஒரு பகுதிதான் சார். அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி, பாலிடெக்னிக் சம்பளமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

ஒவ்வொரு துறைக்கும் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில், உயர்கல்வித் துறைக்கான எண் 20-ஐ எடுத்து, கணக்குத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போங்கள். 2202 பொதுக்கல்வி. அதற்குள் 03 பல்கலைக்கழகம் மற்றும் உயர்கல்வி. அதன் கீழே 102 பல்கலைக்கழகங்களுக்கான உதவி, 103 அரசுக் கல்லூரிகள், 104 அரசு சாராக் கல்லூரிகளுக்கான உதவி. உங்களுக்கு வேண்டியது 102. தொழில்நுட்பக் கல்விக்கு 2203 என்று தனித் தலைப்பு. அரசு கட்டும் கட்டடங்கள் 4202-ல் மூலதனச் செலவாக வரும்.

2025-26 புத்தகத்தில் தொகைகளுக்கு நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்: 2023-24 கணக்கு, 2024-25 வரவு செலவு மதிப்பீடு, 2024-25 திருத்த மதிப்பீடு, 2025-26 மதிப்பீடு. பலர் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். 2023-24-ல் உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது முதல் பத்தியில்தான் இருக்கிறது. அதை 2023-24 புத்தகத்தில் அச்சான மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். தொகைகள் ஆயிரத்தில் அச்சாகியிருக்கும். ஒரு வரியில் வெறும் 1 என்று இருந்தால் அது ஆயிரம் ரூபாய் அடையாள ஒதுக்கீடு. பணம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று: வேளாண் பல்கலைக்கழகம் கோரிக்கை எண் 5-ல், மருத்துவப் பல்கலைக்கழகம் எண் 19-ல். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் சமூக நலத் துறையின் செலவு. இவற்றை எண் 20-ல் தேடினால் கிடைக்காது.

தணிக்கைத்தடை:
ஓய்வூதியக் கேள்விக்கு வருகிறேன். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் அரசு ஊழியர். அவருடைய ஓய்வூதியம் 2071 என்ற தலைப்பில் கருவூலம் வழியாக வருகிறது, கல்லூரியின் வரவு செலவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பல்கலைக்கழகம் சட்டத்தால் அமைந்த தனி அமைப்பு. ஓய்வு பெற்றவருக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அதன் தலையிலேயே இருக்கிறது. 1.4.2003-க்கு முன் சேர்ந்தவர்கள் எல்லாரும் பழைய ஓய்வூதியத் திட்டம். அவர்கள் ஓய்வு பெறப் பெற அந்தச் செலவு ஏறுகிறது, ஆனால் அரசு மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியம் அதே வேகத்தில் ஏறுவதில்லை.

வருமானமோ இறங்குமுகம். சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், பொறியியல் 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனது. பிறகு மருத்துவமும் சட்டமும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தன. 2002-ல் வேலூர் வட்டாரக் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. ஒவ்வொரு பிரிவினையிலும் இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் போய்விட்டன. ஓய்வூதியதாரர்கள் மட்டும் தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டார்கள். கைகொடுத்துவந்த தொலைதூரக் கல்வியும், மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திய பிறகு சுருங்கிவிட்டது.

இதற்கு மேல் உள்ளாட்சி நிதித் தணிக்கை. அரசு அனுமதி இல்லாமல் ஒரு பணியிடத்தை உருவாக்கினால், அந்தச் சம்பளத்துக்குத் தடை (தணிக்கை ஆட்சேபணை) எழுதுவார்கள். மானியம் கணக்கிடும்போது தடைப்பட்ட செலவை அரசு ஏற்காது. ஆள் வேலை பார்க்கிறார், சம்பளமும் போகிறது, மானியம் மட்டும் வராது. பத்து வருடத் தடைகள் நிலுவையில் இருந்தால் அது ஒரு பெரிய ஓட்டை.

ஊதியக்குழுவும் உண்டு. ஏழாவது யுஜிசி ஊதிய உயர்வில் கூடுதல் செலவில் 50 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றது, அதுவும் 1.1.2016 முதல் 31.3.2019 வரை மட்டும். மாநிலம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து அந்தச் சுமை முழுவதும் இங்கேதான்.

பேரவைப் பார்வையாளர்:
ரொம்ப நன்றி ஐயா. அப்படியானால் கட்டணத்தை உயர்த்தி, சுயநிதிப் படிப்புகளைக் கூட்டிச் சொந்த வருமானத்தைப் பெருக்கலாம் என்று பல்கலைக்கழக நிதிக்குழுவில் சொல்கிறார்களே, அது சரியான வழியா?

விதி ஐம்பது:
அதில் ஒரு பொறி இருக்கிறது, நிதிக்குழுவில் யாராவது கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும். 2026 மார்ச் 31 வரையிலான கணக்குகளுக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(23சி) பிரிவில், அரசு நிதியால் கணிசமாக நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு வரிவிலக்கு உண்டு. கணிசம் என்றால் எவ்வளவு? விதி 2பிபிபி சொல்கிறது: அந்த ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும்.

ஓர் உதாரணம். சொந்த வருமானம் 120 கோடி, மானியம் 100 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 220, மானியத்தின் பங்கு 45.45 சதவீதம். இந்த வழியில் விலக்கு இல்லை. மானியம் 121 கோடியாக இருந்தால் 50.2 சதவீதம், தப்பித்தோம். அதாவது கட்டணத்தை உயர்த்தி மானியம் அப்படியே நின்றால் விகிதம் இன்னும் இறங்கும். மார்ச்சில் அரசாணை வந்து பணம் ஏப்ரலில் வரவானாலும், பணம் கைக்கு வந்த நாளில் வரவு எழுதும் ரொக்க முறையில் கணக்கு வைக்கும் இடத்தில் அந்த ஆண்டின் விகிதம் விழுந்துவிடும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை வரிப் பாக்கிக்காக முடக்கியதை மறக்கக் கூடாது.

தணிக்கைத்தடை:
சரியாகச் சொன்னீர்கள், ஒரு சேர்க்கை மட்டும். 50-க்குக் கீழே போனால் உடனே வரி என்று அர்த்தமில்லை. அதே சட்டத்தில் அறநிறுவனங்களுக்கான 12ஏபி பதிவு வாங்கி, வருமானத்தில் 85 சதவீதத்தைக் கல்விக்கே செலவழித்து, தணிக்கை அறிக்கையையும் வருமான வரிக் கணக்கையும் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் விலக்கு கிடைக்கும். எப்படியும் அரசு நிறுவனம்தானே என்று பதிவே வாங்காமல் இருப்பதுதான் ஆபத்து.

ஆட்சிப்பேரவையில் கேட்க வேண்டியவை: கடந்த ஐந்து ஆண்டுகளில் மானியத்தின் விகிதம் ஆண்டுவாரியாக எவ்வளவு, 12ஏபி பதிவு இருக்கிறதா, நிலுவைத் தணிக்கைத் தடைகள் எத்தனை, அவற்றால் நின்றுபோன மானியம் எவ்வளவு, ஓய்வூதிய நிதியில் இன்றைய இருப்பு எத்தனை மாதத்துக்குப் போதும். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.