கணிதக் கருத்தரங்கில் எல்லாருக்கும் இடம் கிடைக்க என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். எங்கள் கணிதத் துறையின் வாராந்திரக் கருத்தரங்கை ஒருங்கிணைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. உரையாற்றுவோரில் பெண்கள் மிகச் சிலரே. குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்கு வந்த மாணவர்கள் ஓரிரு அமர்வுகளோடு நின்றுவிடுகிறார்கள். அழைப்புப் பட்டியலில் சில பெயர்களைச் சேர்ப்பது போதாது என்றே நினைக்கிறேன். வந்தவர்கள் நிலைத்திருக்க எதை மாற்ற வேண்டும்? இம்முயற்சியால் தரம் தாழ்ந்துவிடும் என்று கருதும் மூத்தவர்களுக்கு என்ன விடை சொல்வது?

பதில் 1:
தரம் பற்றிய ஐயத்துக்கு மிகச் சிறந்த விடை கணிதக் கல்வியாளர் யூரி ட்ரைஸ்மனின் பணியில் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தேறுவதில்லை என்று அவர் ஆராய்ந்தார். ஆர்வமின்மை, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று ஆசிரியர்கள் ஊகித்த காரணங்கள் பொருந்தவில்லை. அம்மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள். ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்கு தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ தனித்தனியே படித்த பிறகு கூடி அமர்ந்து, ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்த்து, எங்கே தடுமாறினோம் என்பதைத் தயக்கமின்றிப் பேசிக்கொண்டார்கள். ஆகவே அவர் பின்தங்கியவர்களுக்கான துணை வகுப்பு எதையும் தொடங்காமல், வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளை மாணவர்கள் சேர்ந்து தீர்க்கும் பட்டறைகளைத் தொடங்கினார். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. தரத்தைத் தாழ்த்தியதால் கிடைத்த பயன் அன்று அது.

உங்கள் கருத்தரங்குக்கும் இது பொருந்தும். உரைக்கு முன்னதாக, அதற்குத் தேவையான வரையறைகளையும் ஓரிரு எடுத்துக்காட்டுகளையும் ஆராய்ச்சி மாணவர்கள் சேர்ந்து விவாதிக்க ஓர் அமர்வு வையுங்கள். பேராசிரியர்கள் அதில் கலந்துகொள்ளாமல் இருப்பது நல்லது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அழைப்புப் பட்டியலைச் சிறிய விஷயமாக எண்ணிவிட வேண்டாம். பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாட்டில் 1932இல் கணிதவியலாளர் எம்மி நோத்தர், மாநாட்டினர் அனைவருக்குமான முழு அமர்வு உரை ஆற்றினார். அந்த வாய்ப்பைப் பெற்ற அடுத்த பெண் கேரன் உலென்பெக், ஆண்டு 1990. இடையில் 58 ஆண்டுகள்! கணிதவியலாளர் ஹில்பர்ட் முன்வைத்த புகழ்பெற்ற தீராக் கணக்குகளில் பத்தாவதைத் தீர்க்க வழிவகுத்த ஜூலியா ராபின்சன் போன்றவர்கள் வாழ்ந்து பணியாற்றிய காலம் அது. தகுதியுள்ளோர் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கணிதத்தின் மிக உயரிய விருதுகளுள் ஒன்றான, 1936இல் முதன்முறை வழங்கப்பட்ட ஃபீல்ட்ஸ் பதக்கம் ஒரு பெண்ணுக்கு, மரியம் மிர்சாகானிக்கு, 2014இல்தான் கிடைத்தது.

ஒருவரே பட்டியல் இடும்போது அவருக்குப் பழக்கமானவர்களின் பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். அதனால் மாணவர்கள் உட்பட அனைவரிடமும் பரிந்துரை கேளுங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: மாலை ஐந்து மணிக்கு மேல் நடக்கும் கருத்தரங்கு, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புடையவர்களை, ஆணாயினும் பெண்ணாயினும், எவரும் விலக்காமலே விலக்கிவிடுகிறது.

பதில் 3:
பார்வையற்றவர்களையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். கோளத்தின் பரப்பைக் கிழிக்காமலும் மடிக்காமலும், ஆனால் தன்னூடே ஊடுருவ விட்டு, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பும் வழியைக் காட்டியவர்களுள் ஒருவரான பெர்னார் மொரான் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். ஆயினும் இன்றும் பல உரைகளில் பேச்சாளர் பலகையைச் சுட்டி, "இதிலிருந்து இது வருகிறது" என்று கடந்துவிடுகிறார். சமன்பாட்டை வாய்விட்டுச் சொல்லும்படி பேச்சாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பில் உள்ள சமன்பாடுகளைத் திரைவாசிப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் சரியாகப் படிப்பதில்லை என்பதால், உரையின் லாடெக் (சமன்பாடுகளை எழுத்துக் குறிகளாகத் தட்டச்சு செய்யும் முறை) மூலக்கோப்பையும் முன்கூட்டியே வாங்கி அனுப்பலாம். கேள்வி நேரத்தின் முதல் சில நிமிடங்களை மாணவர்களுக்கே ஒதுக்குங்கள். மூத்தவர் ஒருவர் பேசத் தொடங்கிய பின் அவர்கள் வாய் திறப்பது அரிது.

கேட்டவரின் மறுமொழி:
மூவருக்கும் மிக்க நன்றி. கருத்தரங்கை நண்பகலுக்கு மாற்றவும், பரிந்துரைகளை எல்லாரிடமும் கேட்கவும் இந்த வாரமே துறைக் கூட்டத்தில் முன்மொழிகிறேன். மாணவர்களின் முன் அமர்வை யார் நடத்துவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.