ஃபங்ஷனை வேல்யூவாக வைத்தால் விடை மாறுகிறது: எந்த விதியில் கோளாறு?

கேள்வி:
கால்-பை-வேல்யூ (ஆர்கியூமென்டை முதலில் மதிப்பிட்டுவிட்டு அழைக்கும்) லாம்டா கால்குலஸ் (ஃபங்ஷன்கள் மட்டுமே உள்ள சின்ன மொழி), கூடவே எண்களும் லெட்டும். பிக்-ஸ்டெப் விதிகளை (கோவையிலிருந்து நேராக இறுதி விடையைச் சொல்பவை) அப்படியே கோடாக்கிய இன்டர்பிரிட்டர். இந்த நிரலுக்கு 6 வர வேண்டும், 15 வருகிறது:

லெட் க = 1 இன்
லெட் ச = ஃபன் ப -> க + ப இன்
லெட் க = 10 இன்
ச 5

சப்ஸ்டிட்யூஷனில் (வேரியபிள் இருக்கும் இடத்தில் அதன் வேல்யூவையே எழுதுவது) இருந்தவரை 6 சரியாக வந்தது. என்விரான்மென்டுக்கு (எந்தப் பெயருக்கு எந்த வேல்யூ என்ற பட்டியல்) மாறியதும் இப்படி. பழையபடி சப்ஸ்டிட்யூஷனுக்கே போனால் வேரியபிள் கேப்சர் (உள்ளே வைக்கும் கோவையின் வேரியபிளை அதே பெயருள்ள வேறொன்று பிடித்துக்கொள்வது) வருமா?

பதில் 1:
ஃபங்ஷனின் வேல்யூவாக வெறும் "ஃபன் ப -> க + ப" என்ற கோடை மட்டும் வைத்திருப்பீர்கள். ச-வை அழைக்கும் இடத்தில் க = 10 இருப்பதால் 10 + 5. ஆரம்பகால லிஸ்ப்பும் இந்த டைனமிக் ஸ்கோப்பில்தான் ஓடியது. தீர்வு குளோஷர்: ஃபங்ஷனோடு அது உருவான இடத்து என்விரான்மென்டையும் சேர்த்து வைப்பது. லாண்டின் 1964-இல் எஸ்இசிடி மெஷினோடு (கோவைகளை மதிப்பிடும் கற்பனை இயந்திரம்) கொண்டுவந்தது.

ஃபன் விதி: ஈ என்ற என்விரான்மென்டில் "ஃபன் ப -> உ" தருவது (ப, உ, ஈ) என்ற மூன்றும் சேர்ந்த வேல்யூ.

அழைப்பு விதி: ஃபங்ஷனையும் ஆர்கியூமென்டையும் ஈ-யில் மதிப்பிடுங்கள். கிடைத்த குளோஷர் (ப, உ, ஈ2), ஆர்கியூமென்டின் வேல்யூ வ என்றால், உ-வை ஈ2 + [ப = வ] என்பதில் மதிப்பிடுங்கள்.

அந்த ஈ2 இருக்க வேண்டிய இடத்தில் ஈ போட்டால் 15தான் வரும். முதலில் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

கேப்சர் பற்றி: வெளி வேரியபிள் இல்லாத முழு நிரலை, ஃபங்ஷன் உடம்புக்குள் போகாமல் ஓட்டினால், உள்ளே வைப்பதெல்லாம் மூடிய வேல்யூக்கள்தான். கேப்சர் வரவே வராது. (ஃபன் க -> ஃபன் ப -> க) ப போன்ற திறந்த கோவைகளைச் சுருக்கும்போதுதான் பெயர் மாற்ற வேண்டியிருக்கும். ஆப்டிமைசர் எழுதுகிறவர்களுக்கு அது நிஜமான தலைவலி.

பதில் 2:
லெட்-ரெக் (தன்னையே அழைக்கும் ஃபங்ஷனுக்கான லெட்) சேர்க்கும்போது ஒன்று கவனியுங்கள். குளோஷர் உருவாகும்போது அதன் என்விரான்மென்டில் அதுவே இருக்காது. எளிய வழி: குளோஷரில் ஃபங்ஷனின் பெயரையும் வைத்து, அழைக்கும்போது ஈ2 + [ச = அதே குளோஷர்] + [ப = வ] என்று விரியுங்கள்.

கேட்டவர்:
ஈ2 போட்டதும் 6 வந்துவிட்டது, நன்றி. இன்னொன்று: (ஃபன் க -> க க) (ஃபன் க -> க க) கொடுத்தால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. 1 2 என்று எண்ணை அழைத்தால் எரர். விதிப்படி இரண்டும் ஒன்றா?

பதில் 3:
சாதாரண பிக்-ஸ்டெப்பில் ஆமாம், இரண்டுக்கும் டெரிவேஷன் (விதிகளை அடுக்கி விடைவரை போகும் நிரூபணம்) கிடையாது. அதன் பெரிய குறையே இதுதான். ஸ்மால்-ஸ்டெப்பில் (ஒவ்வொரு அடியாக நகர்த்தும் விதிகள்) முதலாவது முடிவில்லாமல் நகரும், இரண்டாவது நகர வழியின்றி நின்றுவிடும். டைப் சேஃப்டி (டைப் சரியான நிரல் இப்படி நடுவில் நிற்காது என்பது) நிரூபிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும்.

ஸ்டாக் நிரம்புவதற்கு சிஇகே மெஷின் பாருங்கள் (ஃபெலைசன், ஃப்ரீட்மன், 1986). கன்டினியூவேஷன் (அடுத்து செய்ய மீதியுள்ள வேலை, கீழே கா) அங்கே ஒரு டேட்டா. உங்கள் ச 5 இப்படி ஓடும் (கோவை | என்விரான்மென்ட் | கன்டினியூவேஷன்):

ச 5 | ஈ | கா
ச | ஈ | ஆர்கியூமென்ட்(5, ஈ), கா
5 | ஈ | அழை(குளோஷர்), கா
க + ப | ஈ2 + [ப = 5] | கா

கடைசி வரியில் மறுபடி வெறும் கா. உடம்புக்குள் நுழையும்போது எந்த ஃப்ரேமும் (மீதி வேலையின் ஒரு துண்டு) மிஞ்சுவதில்லை, அதனால் டெயில் கால் (உடம்பின் கடைசி வேலையாக வரும் அழைப்பு) எத்தனை முறை சுற்றினாலும் கா வளராது. 1 + ச (ப - 1) மாதிரி டெயில் அல்லாத அழைப்பில் சுற்றுக்கு ஒரு கூட்டல் ஃப்ரேம் சேரும், ஆனால் அது ஹீப்பில் இருக்கும். ஹோஸ்ட் மொழியின் ஸ்டாக் தொடப்படாமல் இருக்க, மெஷினின் ஸ்டெப் ஃபங்ஷனை ஒரு வைல் லூப்புக்குள் ஓட்டுங்கள்.