மறு: மறு: ஸ்ப்ரேஹுட், ஹார்ட்டாப் – தமிழில்?

அனைவருக்கும் வணக்கம். பாய்ப்படகுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். 'ஸ்ப்ரேஹுட்' என்பதில் நிற்கிறேன். உள்ளறைக்கு இறங்கும் வாசலுக்கு மேல் எஃகு வளைவுகளை நட்டு, துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அலை சிதறி முகத்தில் அடிக்காது. வேண்டாதபோது மடக்கிவிடலாம். அதையே கண்ணாடியிழையிலோ அலுமினியத்திலோ செய்தால் 'ஹார்ட்டாப்'. இரண்டையும் ஒப்பிடுவதுதான் கட்டுரை, ஆகவே இணைச்சொல் வேண்டும்.

* * *

> அலை சிதறி

அது துவலை. நெடுநல்வாடையில் தேறல் குடித்தவர்கள் 'துவலைத் தண்துளி பேணார்', அதாவது சிதறும் குளிர்துளியைப் பொருட்படுத்தாமல், தெருவில் திரிகிறார்கள். கவிகை என்றால் குடை. ஆகவே துவலைக்கவிகை, கெட்டியானது வன்கவிகை. நான்காம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகும்.

* * *

ஐயா, துவலையிலிருந்து காப்பதால் ஐந்தாம் வேற்றுமை அல்லவா? ஒற்று எப்படியும் மிகும், அது வேறு.

* * *

வேற்றுமை இருக்கட்டும். படகில் குடை என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். கூண்டு வண்டி எல்லாருக்கும் தெரியும். 'கூண்டு' என்றே வைக்கலாமே. 1960இல் ஒற்றை ஆளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் போட்டியில் இரண்டாவதாக வந்த பிளாண்டி ஹாஸ்லரின் 'ஜெஸ்டர்' படகிலும் குழந்தைத் தள்ளுவண்டிக்கு இருப்பதுபோல மடங்கும் கூண்டுதான்.

* * *

கூண்டு என்றால் கிளி ஞாபகம் வருகிறது, தம்பி.

* * *

ஐயா, கிளியை விடுங்கள். எனக்கு உறுத்துவது 'வன்'. கெட்டியா மென்மையா என்பது இங்கே இரண்டாம் பட்சம். துணி வெயிலில் நைந்து தையல் விடும், அதன் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளடிக்கும். கெட்டியானதில் அந்தத் தொல்லை குறைவு, மேலே சூரியத் தகடும் பொருத்தலாம். சரி. ஆனால் படகுக்காரர் தயங்குவது அதை மடக்க முடியாது என்பதால்தான். துறையில் புழுக்கம் என்றால் துணியைச் சாய்த்துவிட்டுக் காற்று வாங்கலாம். ஜன்னலில் உப்பு படிந்து முன்னால் தெரியவில்லையா, மடக்கிவிட்டுப் பார்க்கலாம். கெட்டியானது எப்போதும் காற்றை எதிர்த்து நிற்கும், எடையும் உயரத்தில் ஏறும், பாயின் அடிக்கட்டை அதற்கு மேல் இடிக்காமல் போகிறதா என்று அளக்க வேண்டும். ஸ்வீடனின் ஹால்பெர்க்-ராசி படகுகளில் முன்கண்ணாடி நிலையாக இருக்கும், அதன் மேல் துணி மட்டும் மடங்கும். இது வன்கவிகையா, மென்கவிகையா? மடக்குக்கூண்டு, நிலைக்கூண்டு என்றால் இதையும் 'கண்ணாடி நிலை, கூண்டு மடக்கு' என்று சொல்லிவிடலாம்.

* * *

நிலை என்றால் கதவு நிலை.

* * *

நிலைக்கண்ணாடி என்று சொல்வதில்லையா ஐயா? 'வன்' போட்டால் முதலில் வன்பொருள், அடுத்து வன்முறை. அதற்கு இது தேவலை.

* * *

எனக்கும் கூண்டு சரி. உறங்கப் போகிறேன்.

* * *

நன்றி. மடக்குக்கூண்டு, நிலைக்கூண்டு என்றே அனுப்பிவிட்டேன். துவலைக்கவிகை அடிக்குறிப்பில் இருக்கிறது.

* * *

அடிக்குறிப்பில்! இருக்கட்டும், என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், 'பாயின் அடிக்கட்டை' என்று மேலே ஒருவர் எழுதினாரே, பருமல் என்ற அருமையான சொல் இருக்கும்போது?

* * *

ஐயா, பருமல் பாயைத் தூக்கிப் பிடிக்கும் மேல்மரம். அடியில் கிடப்பது வேறு. புது இழை தொடங்குங்கள், நாளைக்கு வருகிறேன்.