உவர் நிலத்துல சூடோமோனாஸ் வேலை செய்யுமா? (கிள்ளை பக்கம்)

உப்பங்கழி:
கிள்ளை பக்கத்துல ஒண்ணேகால் ஏக்கர். கோடையில வரப்போரம் உப்பு பூக்குது. மண் சீட்டுல பி.எச். (அமில-கார அளவு) 7.9, ஈ.சி. (உப்பு அளவு) 2.4. சம்பா நட்டு பத்து நாள்ல நுனி கருகி, வயல் சொட்டை சொட்டையா ஆயிடுது. வேருக்கு உதவற பாக்டீரியாங்களான சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் போடலாம்னு இருக்கேன். எவ்வளவு, எப்போ? ஜிப்சமும் போடணுமா?

வெள்ளாற்றங்கரை:
ஜிப்சம் வேணாம் தம்பி. அது பி.எச். 8.5 தாண்டின களர் மண்ணுக்கு; உங்களோடது உவர், அதாவது உப்பு மண். அந்த 2.4-ஐப் பார்த்து ஏமாறாதீங்க. சீட்டுல வர்றது பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து எடுத்த கணக்கு. வேரைச் சுத்தி இருக்கற உப்பு அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேலயே இருக்கும். அந்த வேரடி உப்புக் கணக்குல நெல்லு 3-லயே திணற ஆரம்பிச்சிடும்.

பாக்டீரியா உப்பை எடுக்காது. உப்பு பட்ட வேருல எத்திலீன்னு செடியே உண்டாக்கற வாயு கூடும், அதுவே வேர் வளர்ச்சியை முடக்கும். சூடோமோனாஸ்ல சில வகைங்க எத்திலீனா மாறப்போற ஏ.சி.சி.ங்கற பொருளை உடைச்சுத் தின்னுடும். அதனால வேர் ஓடும், அவ்வளவுதான். உப்பைத் தண்ணிதான் கழுவணும். மழைத்தண்ணியை நாலு விரக்கடை கட்டி, ரெண்டு நாள் விட்டு வடிங்க. மூணு நாலு தடவை செய்யணும். கடல் வத்தற நேரத்துல மடையைத் திறங்க, ஏறும்போது திறந்தா கழித்தண்ணி உள்ள வந்துடும்.

பாலூர்க்காரர்:
அளவு சொல்றேன். விதை கிலோவுக்கு சூடோமோனாஸ் 10 கிராம், ஊற வைக்கற தண்ணியிலயே. நடவன்னைக்கு ஏக்கருக்கு சூடோமோனாஸ் 1 கிலோ, அசோஸ்பைரில்லம் 2 பொட்டலம் (400 கிராம்), 40 லிட்டர் தண்ணியில கரைச்சு நாத்து வேரை அரை மணி நேரம் வைங்க. கடைசி உழவுல இன்னொரு கிலோ சூடோமோனாஸும் 4 பொட்டலம் அசோஸ்பைரில்லமும், 20 கிலோ மக்கின எருவுல கலந்து தூவுங்க.

கெடறது பெரும்பாலும் அந்த 40 லிட்டர்லதான். உப்பு போர் தண்ணியில கரைக்கறாங்க. மழைத்தண்ணியோ குளத்துத் தண்ணியோ எடுங்க. அதே வாளியில யூரியாவும் கூடாது, தாமிர மருந்தும் கூடாது. கடையில வெயில்பட வெச்ச பொட்டலத்தை வாங்காதீங்க.

உப்பங்கழி:
நன்றிண்ணா. நாத்து எத்தனை நாள் வயசு?

வெள்ளாற்றங்கரை:
30 நாள். இளநாத்து உப்புல நிக்காது. குத்துக்கு நாலு வைங்க. கோ 43 நெல் ரகம் கிடைச்சா அது உவரைத் தாங்கும். வர்ற கோடைமழைக்கு பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைச்சு, பூ எடுக்கறதுக்கு முன்ன மடக்கி உழுங்க.

பாலூர்க்காரர்:
ஒரு ஓரமா ரெண்டு சென்ட்டுக்கு வேர் நனைக்காத நாத்தை நடுங்க. எருவும் அங்கே வெறும் எருதான். இருபதாம் நாள் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குத்தைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்க, வெள்ளை வேர் எதுல கூடன்னு தெரிஞ்சிடும்.