'போன் போட்டா வேன் வரும்'னு சொல்றவங்களுக்கு

மண்ணடி மக (திரி தொடங்கியவர்), இரவு 9.12
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு: "சென்னையில பிளாட்பாரத்துல படுக்கிறவங்க விரும்பித்தான் படுக்கிறாங்க. மாநகராட்சி உதவி எண் 1913க்கு ஒரு போன் போட்டா வேன் வந்து காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போகும்." அதுக்குக் கீழ நாப்பது பேர் கைதட்டியிருக்கீங்க.

நான் பொறந்து வளந்தது என்.எஸ்.சி. போஸ் ரோட்டுப் பக்கம் பிளாட்பாரத்துல. 17 வயசு வரைக்கும் அங்கதான். வேன் வந்தா நாங்க ஓடுவோம். அடுப்புல சோறு கொதிச்சாலும் அப்படியே போட்டுட்டு, அம்மா என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடும். 1945ல போட்ட பிச்சைத் தடுப்புச் சட்டம் இருக்கு. வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். எங்கம்மா பூக்கட்டி வித்த பொம்பளை. அது வேன்ல வர்றவனுக்கு எப்படித் தெரியும்?

அண்ணாநகர்வாசி, 9.31
அந்தப் பதிவு என்னுடையது. அதனால் பதில் சொல்கிறேன். நான் பிடித்துக்கொண்டு போகும் வேனைப் பற்றிப் பேசவில்லை. போன மழைக்கு எங்கள் தெரு முனையில் நனைந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்காக நானே 1913க்கு அழைத்தேன். வேன் வந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

மண்ணடி மக, 9.40
ஒரு மழை, ஒரு பெரியவர், ஒரு வேன். அதை வெச்சு "விரும்பித்தான் படுக்கிறாங்க"ன்னு எப்படி எழுதினீங்க?

அண்ணாநகர்வாசி, 9.44
வேன் வந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

புள்ளிவிவரம், 9.52
2011 கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க வீடற்றவர்கள் 17.7 லட்சம். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துச் சொச்சம். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது: நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். முதலில் 'வீடற்றவர்' யார் என்று முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது.

மண்ணடி மக, 9.58
அந்தக் கணக்கு ஒரே ராத்திரியில எடுத்தது, 2011 பிப்ரவரி 28. லாரிக்கு அடியில படுத்தவன், கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேய்க்கப் போனவ எல்லாம் அதுல இருப்பாங்களா? உங்க நம்பர் எனக்கு வேணாம்.

புள்ளிவிவரம், 10.01
போன மாதம் ரேஷன் விவாதத்திலும் இப்படித்தான் நம்பரே வேண்டாம் என்றீர்கள். மறக்கவில்லை.

வைகைக்கரை, 10.06
மதுரையில மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல வந்து பாருங்க. சென்னைக்காரங்களுக்கு எல்லாமே சென்னைதான்.

அண்ணாநகர்வாசி, 10.09
இப்போது மதுரை எதற்கு? காப்பகம் இருக்கிறது, இலவசம். ஒரு ரூபாய்க்கு இட்லி, 5 ரூபாய்க்கு சாம்பார் சாதம் தருகிற அம்மா உணவகமும் 2013லிருந்து இருக்கிறது. வேனும் வருகிறது. இதற்கு மேல் என்னதான் செய்ய வேண்டும்?

ராயபுரம் ரயில், 10.11
உணவகம் யார் கொண்டு வந்ததுன்னு பேரோட சொல்ல வலிக்குதா சார்?

வைகைக்கரை, 10.12
ஆரம்பிச்சுட்டாருய்யா.

மண்ணடி மக, 10.27
கட்சிச் சண்டைய வேற எங்கயாவது வெச்சுக்கங்க. அந்த இட்லிய சாப்பிட்டுத்தான் நான் பிளஸ் டூ எழுதினேன். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

காப்பகம் இருக்குன்னு சொல்றீங்களே, போயும் பாத்தோம். பேரு சொல்ல விரும்பல. பொம்பளைங்க காப்பகம். அம்மாவும் நானும் உள்ள வரலாம், தம்பி வரக் கூடாதுன்னாங்க. அவனுக்கு அப்ப 13 வயசு. ஆம்பளைங்க காப்பகத்துல தனியா விடுன்னாங்க. குடும்பத்தோட தங்குற இடத்துல எங்களுக்கு இடம் கெடைக்கல. அம்மா தம்பியைப் பாத்துச்சு, மூட்டையைப் பாத்துச்சு. திரும்பி நடந்துட்டோம். இதைத்தானே 'விரும்பி'ன்னு சொல்றீங்க?

பூ வியாபாரத்துக்கு விடியக்காலம் மூணு மணிக்குப் பூக்கடைல நிக்கணும். காப்பகம் தள்ளி இருந்தா அந்நேரத்துக்கு எந்த பஸ்? பொழப்பு இருக்கிற எடத்துலதான் படுக்க முடியும்.

ராத்திரி நாங்க எப்படிப் படுப்போம் தெரியுமா? சுவத்து ஓரம் நான், நடுவுல தம்பி, ரோட்டுப் பக்கம் அம்மா. அம்மா கால் கட்டை விரலையும் என் கால் கட்டை விரலையும் துப்பட்டாவால கட்டி வெச்சிருக்கும். எவனாவது இழுத்தா அதுக்குத் தெரியணும்னு. நாலு மணிக்கே அடிபம்புல குளிச்சு முடிச்சிடணும், வெளிச்சம் வந்துட்டா முடியாது. ஸ்கூல் புக்கெல்லாம் தார்ப்பாய்ல சுத்தி ஒரு கடை ஷட்டருக்கு மேல ஆணில தொங்கும். அந்தக் கடைக்கார பாய் ஒருநாளும் எடுன்னு சொன்னதில்ல. எங்களுக்கு ஆதரவுன்னா அந்த ஆணிதான்.

அண்ணாநகர்வாசி, 10.35
உங்கள் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உணர்ச்சிவசப்பட்டு விஷயத்தை மாற்றுகிறீர்கள். போன் போட்டால் வேன் வரும் என்றேன். அது பொய்யா?

மண்ணடி மக, 10.38
யாரு போன் போடுறது? எங்கிட்ட இருந்த போனுக்குக் கடையில பத்து ரூபா குடுத்து சார்ஜ் போடணும்.

அண்ணாநகர்வாசி, 10.39
நான் போட்டேனே!

வைகைக்கரை, 10.41
சார் அந்த ஒரு போனை வெச்சே ரிட்டயர் ஆயிடுவாரு போல.

அண்ணாநகர்வாசி, 10.43
நீங்கள் எத்தனை போன் போட்டீர்கள்? ஊர் பேரைப் போட்டுக்கொண்டு நக்கல் மட்டும்.

எழும்பூர் பயணி, 10.50
சண்டைக்கு நடுவுல கேக்குறேன், மன்னிக்கணும். எங்க ஆபீஸ் பக்கம் ஒரு அம்மா மூணு நாளா தனக்குத்தானே பேசிக்கிட்டு உக்காந்திருக்காங்க. கால்ல புண்ணு. என்ன செய்யலாம்?

அண்ணாநகர்வாசி, 10.51
1913.

மண்ணடி மக, 11.04
உடனே வண்டியக் கூப்பிட்டு மிரள வெக்காதீங்க. மொதல்ல ஒரு டீ வாங்கிட்டுப் போய் அவங்க ஒசரத்துக்கு உக்காந்து குடுங்க. பேர் கேளுங்க, ஊர் அப்புறம் கேக்கலாம். புண்ணுல புழு இருந்தா, காய்ச்சல் இருந்தா 108. மனநிலை சரியில்லன்னு தெரிஞ்சா ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க. 2017 மனநலச் சட்டம் 100ஆவது பிரிவு, அவங்களை லாக்கப்புல வெக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லுது. 'எங்க வேலை இல்ல'ன்னா பிரிவு நம்பரைச் சொல்லுங்க. வீடில்லாத பொம்பளைங்களோட மனநோய்க்குன்னே 1993லேர்ந்து சென்னையில பான்யன் அமைப்பு இருக்கு, அங்கயும் கேளுங்க. அவங்க மூட்டையைத் தூக்கிப் போட மட்டும் யாரையும் விடாதீங்க. அவங்க வீடே அதுதான்.

புள்ளிவிவரம், 11.10
இன்னொன்று: வீடில்லாதவருக்கும் வாக்குரிமை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்வார். முகவரிச் சான்று கேட்கக் கூடாது.

மண்ணடி மக, 11.13
அப்ப ஓட்டுக்குன்னா ராத்திரி தேடி வர முடியுது. ரேஷன் கார்டுக்கு மட்டும் கதவு எண் கேட்டு எங்கம்மாவை ஆறு வருஷம் அலைய விட்டாங்க. எந்த ஆபீஸ்னு சொல்லல.

புள்ளிவிவரம், 11.15
உதவிக்கு வந்தாலும் என் மேல்தான் பாய்கிறீர்கள்.

ராயபுரம் ரயில், 11.17
இந்தம்மா மட்டும்தான் பேசணும் போல. மத்தவங்க கைதட்டிட்டுப் போயிடணும்.

மண்ணடி மக, 11.20
ஆமா, பேசுவேன். 17 வருஷம் பேச விடல.

அண்ணாநகர்வாசி, 11.26
இத்தனை பதில் எழுதியும் நான் கேட்டதற்கு நேர் பதில் இல்லை. அன்றைக்கு வேன் வந்தது.

மண்ணடி மக, 11.29
வந்துச்சுன்னே வெச்சுக்குவோம். அந்தப் பெரியவர் வேன்ல ஏறினாரா?

எழும்பூர் பயணி, 11.41
அண்ணாநகர் சார், நானும் அதைத்தான் கேக்க நெனச்சேன்.

அண்ணாநகர்வாசி, 11.58
ஏறினாரா என்பது வேறு விஷயம். வேன் வந்தது.