பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும்தான் புதுச்சேரியா?

மேற்குவாசி:

புதுச்சேரியைப் பற்றி வரும் எந்தச் சுற்றுலா விளம்பரத்தை எடுத்தாலும் மஞ்சள் பூசிய சுவர், அதன்மேல் சரியும் காகிதப்பூக் கொடி, வெள்ளை எழுத்து பொறித்த நீலத் தெருப்பலகை ஆகிய மூன்றும் தவறாமல் இருக்கின்றன. நான்காவதாக ஒன்று இருப்பதில்லை. ஊர் முழுவதையும் ‘பிரெஞ்சு நகரம்’ என்று சுருக்கிவிட்டு, கடற்கரையை ஒட்டிய சில தெருக்களை ‘ஒயிட் டவுன்’ என்று நாமே பெருமையோடு அழைக்கிறோம். அது ஆண்டவர்கள் தோலின் நிறம் பார்த்துப் பிரித்த பிரிவு. ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது அவர்கள் கணக்கில் கறுப்புப் பட்டணம். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிவிட்டது. பெயர் மட்டும் உணவகப் பலகை முதல் வாடகை விளம்பரம் வரை கூச்சமில்லாமல் புழங்குகிறது. அரசு விளம்பரங்களிலிருந்தாவது அதை நீக்க வேண்டும் என்பது என் வாதம்.

‘பிரெஞ்சு’ என்ற அடைமொழி வரலாற்றுக்கும் பொருந்தவில்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் இங்கே காலூன்றினார் என்பது சரிதான். ஆனால் சதுரங்கக் கட்டம் போன்ற தெருவமைப்பு என்று எல்லோரும் வியக்கிறார்களே, அதற்கு அடிப்படை 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டம். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய கோட்டையையும் மாளிகைகளையும் 1761-இல் ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் காணும் கிழக்குப் பகுதி 1765-க்குப் பிறகு திரும்பக் கட்டியது. மேற்கே நிற்கும், பிரெஞ்சுக் கவர்னருக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அந்த அழிவுக்கும் முந்தியது. பழமைக்குத்தான் மரியாதை என்றால் அது முதலில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வரட்டும்.

சுண்ணாம்புக்காரை:

ஐயா, பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் வரலாற்றில் எனக்குச் சண்டை இல்லை; அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவில்தான் சண்டை. மேற்குப் பக்கத்துத் திண்ணை வீடுகள் இடிவதற்கு விளம்பரம் காரணம் அல்ல, பாகப்பிரிவினைதான் காரணம். தாத்தா கட்டிய ஒரு வீட்டுக்கு ஆறு பங்காளிகள், அதில் இருவர் பாரிசில் இருக்கிறார்கள், நிலத்தின் விலையோ வீட்டின் விலையைப் போலப் பல மடங்கு என்றால் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் யார் காப்பார்கள்? கிழக்கே பெரும்பாலான கட்டடங்கள் அரசின் கையிலும் ஆசிரமத்தின் கையிலும் பிரெஞ்சு நிறுவனங்களின் கையிலும் இருப்பதால்தான் தப்பின. ஒரே உடைமையாளர், ஒரே முடிவு. பிரெஞ்சுக்காரன் கட்டியதால் அவை நிற்கவில்லை, பங்கு போடப்படாததால் நிற்கின்றன.

அந்த ‘பிரெஞ்சு’ என்ற சொல் மேற்குக்கும் சோறு போட்டிருக்கிறது. வைசியாள் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். தலைவாசல், திண்ணை, மரத்தூண் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு என்று வரிசை குலையாமல் அந்தத் தமிழ்த் தெரு மீண்டது, இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் பங்காளிகளாக இருந்த ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின் உதவியால்தான். ஐரோப்பியத் தொடர்பு என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்த நிதி இந்த ஊரைத் தேடி வந்திருக்காது.

வேலை நுட்பம் தெரிந்தவர்கள் குறைந்துவருவதுதான் உண்மையான கவலை. மெட்ராஸ் ஒட்டுக் கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் பிடித்து, சாய்வாக வரிசை வைத்துக்கொண்டே போக வேண்டும். அதைச் செய்யக் கை பழகிய கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி நிற்கும். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் சில மழைக்காலங்களுக்குள் சுவர் பொரிந்து கையோடு வந்துவிடும். பெயர்ப்பலகையை மாற்றுவதற்குச் செலவிடும் ஆற்றலை இதில் செலவிடலாம் என்பது என் எண்ணம்.

குப்பத்துக் காற்று:

இரண்டு பேரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். துறைமுகப் பட்டணம் என்று சொல்லும் ஊரில் துறைமுகம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் முழுவதும் இங்கே கப்பல் கரையை ஒட்டியதில்லை. கடலில் தள்ளி நங்கூரம் போடும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகளில் எங்கள் ஆட்கள் அலையை உடைத்துக்கொண்டு போய்ச் சரக்கையும் ஆளையும் இறக்கி வருவார்கள். கவர்னராக இருந்தாலும் கரை சேர அந்தச் சலங்கில்தான் ஏற வேண்டும். 1866-இல் கப்பல் சரக்கை இறக்கக் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் போட்டார்கள். 1952 புயலில் அது போயிற்று. பிறகு வம்பாக்கீரப்பாளையத்தில் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடலுக்குள் சரிந்தது.

கடற்கரையைக் கெடுத்தது காலனி ஆட்சி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் நம்முடைய அரசு துறைமுகத்துக்காக அலைத்தடுப்புக் கட்டைகளை நீட்டியது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கட்டை அதை மறித்ததால் தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே கரை அரித்தது. நகரத்தின் மணல்வெளி போய், அந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டினார்கள். நீங்கள் மாலையில் காற்று வாங்கும் கடற்கரைச் சாலையைக் கல் காப்பாற்றியது. அரிப்பு அதற்கு வடக்கே உள்ள குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் நகர்ந்து, அப்பால் தமிழ்நாட்டுக் குப்பங்கள் வரை போயிற்று. கட்டுமரத்தை இழுத்துப் போடவும் வலையை விரித்துக் காயவைக்கவும் மணல் வேண்டும். கல்லின் மேல் எதைக் காயவைப்பது? தலைமைச் செயலகத்துக்கு எதிரே சில ஆண்டுகளுக்கு முன் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் எஃகுத் திட்டு ஒன்றைக் கடலில் இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியது. அதுவும் உலாவும் சாலைக்கு முன்னால்தான்.

மேற்குவாசி:

குப்பத்துக் காற்று, நீங்கள் சொன்னது என் வாதத்துக்கு எதிரானது போலத் தொடங்கி அதற்குத் துணையாகத்தான் முடிகிறது. கல்லைக் கொட்டியதும் மணலைத் திருப்பியதும் எந்தத் தெருவுக்கு முன்னால் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். 2014 நவம்பர் மழையில் இடிந்த, பிரெஞ்சுக் கால நகர்மன்றமான மேரி கட்டடத்தை உலக வங்கிக் கடனில் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, அழகாகவே வந்திருக்கிறது. ஆனால் அதே ஆண்டுகளில் மேற்கே உள்ள பெரிய மார்க்கெட்டைப் பற்றிய பேச்சு எப்படிப் போயிற்று? மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற திட்டம் வந்தது. வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். கிழக்கே இடிந்ததைக் கட்டுகிறோம், மேற்கே நிற்பதை இடிக்கத் திட்டம் போடுகிறோம். இது பங்காளித் தகராறு அல்லவே, சுண்ணாம்புக்காரை ஐயா? மார்க்கெட்டுக்கு ஆறு பங்காளிகள் கிடையாது.

தறிவீட்டுப் பேரன்:

மேற்குவாசி சொல்லும் ‘இந்தப் பக்கம்’ என்பதற்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க விரும்புகிறேன். செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு, வைசியாள் தெரு என்ற பெயர்களே சொல்லும், அது சாதிவாரியாக வகுத்த பட்டணம் என்று. வலங்கை, இடங்கை என்ற சாதி அணிகளின் வழக்குகள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே கிடக்கின்றன. சேரிக்காரர்களுக்கு அந்தக் கட்டங்களுக்குள் இடமில்லை. வெள்ளைப் பட்டணம் என்ற பெயர் உறுத்துகிறவர்களுக்கு இந்தத் தெருப்பெயர்கள் மட்டும் பாரம்பரியமாக இனிப்பது எனக்கு விளங்கவில்லை. துபாஷி மாளிகையைக் கவர்னர் மாளிகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் வரலாறு நேராகிவிடாது.

இந்த ஊர் எதனால் பிழைத்தது? துணியால். கறுநீலச் சாயம் தோய்த்த ‘கினி’ துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. செனகலில் பிசின் வாங்குவதற்கு அந்தத் துணியே காசாகப் புழங்கியது. துணி போன கடல் வழியே ஆட்களும் போனார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலின் மஸ்கரேன் தீவுகளுக்கு அடிமைகளாகவும், 19-ஆம் நூற்றாண்டில் அவற்றில் ஒன்றான ரெயூனியனுக்கும், 1850-களிலிருந்து கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகவும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். கடற்கரையில் கவர்னர் தூப்ளேக்குச் சிலை இருக்கிறது. கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு கல் இருக்கிறதா?

ஆலைகளுக்கு வருகிறேன். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளோடு போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். ஆசியாவிலேயே முன்னோடி என்று சொல்லத்தக்க எட்டு மணி நேர வேலைச் சட்டம் அதற்கடுத்த ஆண்டு இங்கே வந்தது. ஊரார் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலை 2020-இல் மூடப்பட்டது. சங்கு ஊதும் நேரத்தை வைத்து அடுப்புப் பற்றவைத்த முதலியார்பேட்டை வீடுகள் எந்தப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன? கிழக்கா மேற்கா என்ற உங்கள் சண்டை வாய்க்காலின் இரண்டு கரையைத் தாண்டவே இல்லை.

சுண்ணாம்புக்காரை:

தறிவீட்டுப் பேரன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மார்க்கெட் விஷயத்தில் மேற்குவாசிக்கும் விட்டுக்கொடுக்கிறேன். அது உடைமைச் சிக்கல் அல்ல, பார்வைச் சிக்கல்தான். ‘ஒயிட் டவுன்’ என்ற பெயரும் போகட்டும், எனக்கு அதில் பற்றில்லை.

ஆனால் ‘பிரெஞ்சு’ என்ற அடைமொழியையே எடுத்துவிட வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். அது சுவரில் மட்டும் இல்லை, நம் நிர்வாகத்திலும் குடும்பத்திலும் இருக்கிறது. உள்ளாட்சியை நாம் இன்றைக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் சொல்கிறோம். 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடப்புக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு என்றால் எந்த வீடு என்று தெருவில் சிறு பிள்ளை கூடக் காட்டும். 1881 ஆணையின் கீழ்த் தங்கள் சமய வழக்கப்படியான தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு மாறியவர்களில் பலர், சாதி ஒடுக்குமுறையிலிருந்து வெளியேற அதை ஒரு கதவாகக் கண்டவர்கள். அந்தக் கதவைத் திறந்தவன் அடிமை வியாபாரமும் செய்தான் என்பது உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே தவிர, ஒன்றை அழித்து ஒன்றை எழுத முடியாது. அவ்வளவு ஏன், தேவாலயத்துக்குச் சம்பா கோயில் என்று நாம் சொல்லும் பெயரே புனித பவுலின் பெயர் தமிழ் நாக்கில் உருண்டு வந்ததுதான். அதன் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை 1748-இல் இடித்ததை ரங்கப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். பெயரை மட்டும் மாற்றினால் அந்தக் கதையும் சேர்ந்து மறையும்.

மேற்குவாசி:

நான் அழிக்கச் சொல்லவில்லை ஐயா, விளம்பரத்தின் முதல் வரியிலிருந்து இறக்கச் சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. தெருப்பெயர்களைப் பற்றித் தறிவீட்டுப் பேரன் கேட்டதற்கு என்னிடம் நேரான விடை இல்லை. என் வீடே அப்படிப்பட்ட தெரு ஒன்றில்தான் இருக்கிறது.

ரங்கப் பிள்ளை வீட்டை மட்டும் இங்கே பதிந்துவிடுகிறேன். கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள். மேலே ஏறினால் வெள்ளைச் சுண்ணாம்பில் உருண்டு திரண்ட ஐரோப்பியத் தூண்கள். ஒரே மனிதர், ஒரே வீடு, காலனி ஆட்சியின் காசு. விளம்பரத்தில் படம் போட வேண்டுமென்றால் அந்தப் படிக்கட்டின் நடுவில் நின்று எடுக்கட்டும்.

குப்பத்துக் காற்று:

எடுக்கட்டும். எடுத்து முடித்ததும் அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வைத்திக்குப்பம் வரைக்கும் வரச் சொல்லுங்கள். நடக்கிற தூரம்தான், போகிற வழியெல்லாம் கல்.